உங்கள் மாடலின் மொத்த நிறை எவ்வளவு?

குமரி மாவட்டத்து மாத்தூர் தொட்டிப்பாலத்தை ஒருவர் கணினியில் வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். பறளியாற்றுப் பள்ளத்தில் 28 தூண்கள், 115 அடி உயரம், அவற்றின் மேல் நீளமாக ஒரு தொட்டி. தூணுக்கும் தொட்டிக்கும் அதனதன் பொருளைக் கொடுத்து ஓட்டினால் மென்பொருள் ஒரு மொத்த நிறையைச் சொல்லும். வரைந்தவற்றுக்கு அந்த எண் சரிதான். ஆனால் 1966-ல் அந்தப் பாலத்தைக் கட்டியதே தண்ணீர் கொண்டுபோகத்தான். அந்தத் தண்ணீரை யாரும் வரையவில்லை. தொட்டிக்குள் 2 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்று ஒரு பேச்சுக்கு வைத்தாலும், பாலத்தின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 4 டன் கணக்கில் விட்டுப்போகிறது.

கட்டிட வடிவமைப்பு மென்பொருளைப் புதிதாகக் கற்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: மொத்தம் எத்தனை டன்? வளைவு விசை, கம்பி அளவு எல்லாம் அப்புறம். மென்பொருளுக்கு நாம் சொன்னது மட்டுமே தெரியும். நாம் சொல்ல மறந்ததையும் இரண்டு தடவை சொன்னதையும் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒரு தாளில் கையால் கணக்கிட்டு வைத்துக்கொண்டு, திரையில் வரும் எண்ணை அதோடு ஒப்பிடுவது.

நிறையும் எடையும்

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான், ஆனாலும் இங்கேதான் பாதிப் பிழைகள் தொடங்குகின்றன. கடையில் நிறுத்து வாங்கும் கிலோ நிறை. அதைப் பூமி இழுக்கும் விசை எடை. நிறையை 9.81-ஆல் பெருக்கினால் எடை. 1 டன் நிறை உள்ள பொருளின் எடை 9.81 கிலோநியூட்டன். நம் அன்றாடப் பேச்சில் இரண்டுக்குமே எடை என்றுதான் சொல்கிறோம். மென்பொருளிடம் அப்படிப் பேச முடியாது. கீழ்நோக்கிய பாரத்துக்கு அது எடையைப் பார்க்கும். நிலநடுக்கத்தில் கட்டிடம் எப்படி ஆடும் என்று கணிக்க நிறையைப் பார்க்கும். இரண்டையும் அது வேறு வேறு இடத்திலிருந்து எடுக்கிறது. ஒன்று சரியாக இருந்து மற்றது தவறாக இருக்கலாம் என்பதை மனதில் வையுங்கள்.

கான்கிரீட்டின் அடர்த்தியை எண்ணாகப் படிப்பதை விட ஒருமுறை கையில் தூக்கிப் பார்ப்பது நல்லது. வார்ப்பு நாளில் சோதனைக்காக 150 மில்லிமீட்டர் கனசதுரங்கள் போட்டு வைப்பார்கள். அதில் ஒன்றை எடுத்துத் தராசில் வையுங்கள். 8 கிலோவும் கொஞ்சமும் காட்டும். அதன் கன அளவு 0.003375 கன மீட்டர். 8.1 கிலோவை அதால் வகுத்தால் கன மீட்டருக்கு 2400 கிலோ. கம்பியும் சேர்ந்தால் 2500 என்று எடுத்துக்கொள்கிறோம். எடையாகச் சொன்னால் கன மீட்டருக்கு 25 கிலோநியூட்டன், கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்லும் எண். எஃகு 7850 கிலோ. கருங்கல் ஏறக்குறைய 2650. குமரிமுனையில் நிற்கும் வள்ளுவர் சிலை பீடத்தோடு 133 அடி, 7000 டன் என்று சொல்வார்கள். 7000-ஐ 2.65-ஆல் வகுத்தால் 2600 கன மீட்டருக்குச் சற்று மேல் கல் என்று வருகிறது. எங்கே ஒரு டன் கணக்கைக் கேட்டாலும் இப்படி வகுத்துப் பார்ப்பது எனக்குப் பழகிவிட்டது. உங்களுக்கும் பழகட்டும்.

தாளில் ஒரு கட்டிடம்

குலசேகரம் பக்கம் ஒரு சின்னக் கட்டிடம் என்று எடுத்துக்கொள்வோம். கீழே கடை, மேல்தளத்தில் ரப்பர் ஷீட் அடுக்கி வைக்கும் கிடங்கு, அதற்கு மேல் மொட்டைமாடி. 9 மீட்டருக்கு 8 மீட்டர். மூன்றுக்கு மூன்றாக 9 தூண்கள், ஒவ்வொன்றும் 300-க்கு 300 மில்லிமீட்டர். பீம்கள் 230-க்கு 450. ஸ்லாப் 125 மில்லிமீட்டர். தளத்துக்குத் தளம் 3 மீட்டர்.

ஸ்லாப்: 72 சதுர மீட்டரை 0.125-ஆல் பெருக்கினால் 9 கன மீட்டர். எடை 225 கிலோநியூட்டன். இரண்டு ஸ்லாப்புக்கு 450.

பீம்: ஒரு தளத்தில் இருபக்கமும் ஓடும் பீம்களைக் கூட்டினால் 51 மீட்டர். 450 உயரத்தில் மேல் 125 ஸ்லாப்பில் ஏற்கெனவே வந்துவிட்டது. கீழே தொங்கும் 325 மட்டும் கணக்கு. மீட்டருக்கு 1.87, ஒரு தளத்துக்கு ஏறக்குறைய 95, இரண்டுக்கும் 191 கிலோநியூட்டன்.

தூண்கள் இரண்டு தளத்துக்கும் சேர்த்து 121. தரைப்பூச்சும் டைல்ஸும் சதுர மீட்டருக்கு 1 கிலோநியூட்டன், மாடியில் தட்டோடு பதிப்பதால் 1.5. இரண்டும் சேர்ந்து 180. மேல்தளத்துச் சுற்றுச்சுவர் 34 மீட்டர் நீளம், பீமுக்குக் கீழே 2.55 உயரம், 230 கனம். செங்கல் கட்டு கன மீட்டருக்கு 20 என்று வைத்தால் 399. சன்னலைக் கழிக்கவில்லை. கீழ்த்தளச் சுவர் தரைமட்டத்தில் ஓடும் பிளிந்த் பீமில் உட்கார்ந்து நேராக அஸ்திவாரத்துக்குப் போகிறது, நம் மாடலிலும் அது இல்லை, அதனால் விட்டுவிடுகிறேன். கைப்பிடிச்சுவர் 70. மாடியில் 2000 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, 20.

கூட்டினால் 1431 கிலோநியூட்டன். இது நிலைப்பாரம் மட்டும், அதாவது கட்டிடத்தோடு எப்போதும் இருக்கும் பாரம்.

சுவரைப் பாருங்கள். ஒரே ஒரு தளத்துச் சுவர் 399. இரண்டு தளத்து ஸ்லாப்பும் சேர்ந்தே 450தான். மென்பொருளில் ஸ்லாப்பை வரைகிறோம், சுவரை வரைவதில்லை. அதைப் பீமின் மேல் ஒரு பாரமாக மட்டும் கொடுக்கிறோம். கட்டிடத்தின் கால்வாசிக்கு மேல் நிறை இப்படி வரையப்படாமலே நிற்கிறது. பின்னால் வரும் பிழைக்கு இதுதான் வாசல்.

ரப்பர் சரக்குக்கு வருவோம். வந்து போகும் ஆட்கள், சரக்கு போன்றவை நகரும் பாரம். ரப்பருக்குச் சதுர மீட்டருக்கு 5 கிலோநியூட்டன் நகரும் பாரம் என்று வைத்தால் மொத்தம் 360. நிலநடுக்கம் வரும் நேரத்தில் கிடங்கு முழுக்க நிறைந்திருக்கும் என்று எடுக்க வேண்டியதில்லை. நிலநடுக்கத்துக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 1893 சொல்வது: நகரும் பாரம் சதுர மீட்டருக்கு 3 கிலோநியூட்டன் வரை இருந்தால் அதில் 25 சதவீதம், அதற்கு மேல் என்றால் 50 சதவீதம், நிறையில் சேர்க்க வேண்டும். மொட்டைமாடியின் நகரும் பாரத்தைச் சேர்க்க வேண்டாம். நம் கிடங்குக்கு 50 சதவீதம், 180. ஆக 1611 கிலோநியூட்டன். 9.81-ஆல் வகுத்தால் 164 டன்.

இந்த 1611-ஐ இரண்டு தளத்தின் பரப்பான 144 சதுர மீட்டரால் வகுத்தால் 11 சொச்சம் வரும். சாதாரணக் கான்கிரீட் கட்டிடத்துக்குச் சதுர மீட்டருக்கு 10 முதல் 15 கிலோநியூட்டன் என்பது என் அனுபவத்தில் நம்பலாம். 4 என்றோ 25 என்றோ வந்தால் உடனே நின்று பார்க்க வேண்டும்.

திரையில் ஏன் வேறு எண் வருகிறது

இப்போது இதே கட்டிடத்தை ஈடேப்ஸ், ஸ்டாட் போன்ற வடிவமைப்பு மென்பொருளில் வரைந்தால் 164 வராது. வரக்கூடாது என்றே சொல்வேன். எந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது என்று பெயர் சொல்லத் தெரிந்தால் போதும்.

முதல் வித்தியாசம் பீமும் ஸ்லாப்பும் ஒன்றின் மேல் ஒன்று விழுவது. மென்பொருளுக்குப் பீம் ஒரு கோடு, அதன் உயரம் முழு 450. ஸ்லாப் ஒரு பரப்பு, அது பீமின் மேலேயும் போகிறது. நாம் கழித்த 125-ஐ அது பெரும்பாலும் கழிப்பதில்லை. பீம் எடை 191-க்குப் பதில் 264 ஆகிறது. மொத்தத்தில் 73 கிலோநியூட்டன் கூடுதல், ஐந்து சதவீதத்துக்குள். நிலைப்பாரம் 1504, ரப்பரோடு 1684, நிறையில் 172 டன். இந்த அளவை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, காரணம் தெரிகிறதே.

இரண்டாவது, அடித்தளம். மென்பொருள் ஒவ்வொரு தூணின் நிறையையும் பாதி மேல் முனைக்கும் பாதி கீழ் முனைக்கும் பிரித்துக் கொடுக்கிறது. கீழ்த்தளத் தூண்களின் கீழ்ப்பாதி, 30 கிலோநியூட்டன், தரையோடு கட்டப்பட்ட புள்ளியில் போய்ச் சேரும். அந்தப் புள்ளி ஆடாது. எனவே ஆடும் நிறை மொத்த நிறையை விட 3 டன் குறைவு. அறிக்கையில் ஒரு அட்டவணை ஒன்றையும் இன்னொரு அட்டவணை வேறொன்றையும் காட்டும்போது குழம்ப வேண்டாம். ஒன்று அடிப்புள்ளியைச் சேர்த்தது, மற்றது சேர்க்காதது.

மூன்றாவதுதான் பெரியது. ஈடேப்ஸில் ‘மாஸ் சோர்ஸ்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. நிறையை எங்கிருந்து எடுக்க வேண்டும் என்று அது கேட்கிறது. வரைந்த உறுப்புகளின் சொந்த நிறையிலிருந்தா, நாம் தனியாகக் கொடுத்த கூடுதல் நிறையிலிருந்தா, அல்லது நாம் கொடுத்த பாரங்களிலிருந்தா?

சொந்த நிறையை மட்டும் தேர்வு செய்து விட்டால் சுவர், டைல்ஸ், கைப்பிடிச்சுவர், தண்ணீர்த் தொட்டி, ரப்பர் எதுவும் நிறையில் வராது. நம் கட்டிடத்தில் ஸ்லாப், பீம், தூண் மட்டும் 835 கிலோநியூட்டன், அதாவது 85 டன். 172 இருக்க வேண்டிய இடத்தில் பாதி. கீழ்நோக்கிய பாரமெல்லாம் சரியாக இருக்கும், தூணின் அச்சுவிசை சரியாக இருக்கும். நிலநடுக்கம் மட்டும் பாதிக் கட்டிடத்துக்குப் பார்க்கப்பட்டிருக்கும். ஒரு எச்சரிக்கையும் திரையில் வராது.

இதற்குப் பயந்து எல்லாவற்றையும் தேர்வு செய்பவர்கள் உண்டு. சொந்த நிறையும் வேண்டும், பாரப் பட்டியலில் நிலைப்பாரமும் வேண்டும். ஆனால் நிலைப்பாரத்துக்குள் ஏற்கெனவே சொந்த எடை இருக்கிறது, சொந்த எடையை எத்தனை மடங்கு சேர்க்க வேண்டும் என்று கேட்கும் ‘செல்ஃப் வெயிட் மல்டிப்ளையர்’ 1 என்று கொடுத்திருப்போம். அப்போது கான்கிரீட் இரண்டு தடவை எண்ணப்படும். 172 டன்னோடு இன்னும் 85 சேர்ந்து 257. ஐ.எஸ். 1893 முறையில் பேஸ் ஷியர், அதாவது நிலநடுக்கத்தில் கட்டிடத்தின் அடியில் வரும் மொத்தப் பக்கவாட்டு விசை, எடையின் ஒரு பங்கு, ஆக விசையும் ஒன்றரை மடங்காகும். வீட்டுக்காரர் தேவையில்லாத கம்பிக்குப் பணம் கொடுப்பார்.

நான் பரிந்துரைக்கும் வழி ஒன்றே. சொந்த நிறையின் டிக்கை எடுத்துவிடுங்கள். பாரங்களிலிருந்து மட்டும் எடுங்கள்: நிலைப்பாரம் 1, சுவரும் டைல்ஸும் 1, நகரும் பாரம் 0.25 அல்லது 0.5, மாடியின் நகரும் பாரம் இல்லை. அதனால் மாடிக்கு எப்போதும் தனியாக ஒரு பாரப் பெயர் வைக்க வேண்டும். மல்டிப்ளையர் 1 என்பது ஒரே ஒரு பாரத்தில்தான் இருக்க வேண்டும். சுவர்ப் பாரத்திலும் பழக்கத்தில் 1 போட்டுவிட்டால் மறுபடியும் இரட்டை எண்ணிக்கைதான்.

ஸ்டாடில் ஆட்டக் கணக்கு (கட்டிடம் எப்படி ஆடும் என்ற கணக்கு) போடுபவர்கள் நிறையைப் பாரமாகவே, மூன்று திசையிலும் கொடுக்க வேண்டும். பழக்கத்தில் செங்குத்துத் திசைக்கு மட்டும் கொடுத்துவிட்டால் பக்கவாட்டில் ஆடுவதற்கு நிறையே இருக்காது.

சரி, சரிபார்ப்பது எப்படி? நிறைக்கு எடுத்த அதே பங்குகளில், அதாவது 1, 1, 0.5 என்று, ஒரு பாரக் கூட்டணியை உருவாக்கி, அஸ்திவாரத்தில் வரும் செங்குத்து எதிர்விசையின் மொத்தத்தைப் பாருங்கள். 9.81-ஆல் வகுங்கள். தளவாரியான நிறை அட்டவணையின் கூட்டுத்தொகையை அதன் பக்கத்தில் எழுதுங்கள். கையால் போட்ட எண்ணையும் எழுதுங்கள். 172, 172, 164 என்று மூன்று எண்கள். ஐந்து நிமிட வேலை.

அலகு

நான் வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சின்னக் கட்டிடத்தின் அலைவுநேரம் 9 வினாடிக்கு மேல் வந்தது. இரண்டு தளக் கட்டிடம் ஒரு முறை ஆடி முடிக்க 9 வினாடி எடுக்காது, 0.3 வினாடி பக்கம் இருக்க வேண்டும். தூணின் அளவு, இணைப்பு என்று நாள் முழுக்கத் தேடினேன். எதிர்விசை எல்லாம் கச்சிதமாக இருந்தது. அதனால் நிறையைச் சந்தேகிக்கவே தோன்றவில்லை.

நடந்தது இதுதான். அந்த மென்பொருள் எடை அடர்த்தியையும் நிறை அடர்த்தியையும் தனித்தனிக் கட்டத்தில் கேட்டது. எடைக்கு 25 என்று சரியாகக் கொடுத்திருந்தேன். நிறைக்கு 2500 என்று கொடுத்துவிட்டேன். அலகு கிலோநியூட்டனும் மீட்டரும். அந்த அலகில் நிறையின் அலகு கிலோ அல்ல, டன். 2.5 என்று கொடுத்திருக்க வேண்டும். நிறை ஆயிரம் மடங்கு. அலைவுநேரம் நிறையின் வர்க்கமூலத்தோடு கூடும் என்பதால் 31.6 மடங்கு. 0.3-ஐ 31.6-ஆல் பெருக்கிப் பாருங்கள், 9.5.

விசை நியூட்டன், நீளம் மீட்டர் என்றால் நிறை கிலோவில். கிலோநியூட்டன், மீட்டர் என்றால் டன்னில். நியூட்டன், மில்லிமீட்டர் என்றாலும் டன்தான். அங்கே கான்கிரீட்டின் அடர்த்தி 0.0000000025 என்று எழுத வேண்டும், பார்த்தாலே தவறு போலத் தோன்றும், ஆனால் அதுதான் சரி. விசையை நிறையும் முடுக்கமும் பெருக்கி வருவதாக எழுதி, அலகுகளை வைத்துப் பார்த்தால் யாருக்கும் இது விளங்கிவிடும். மனப்பாடம் செய்ய வேண்டாம்.

‘கூடுதலாக இருந்தால் நல்லதுதானே சார்?’

இந்தக் கேள்வி தவறாமல் வரும். நிறை கூடினால் நிலநடுக்க விசை கூடும், கட்டிடம் பலமாகும், என்ன கெட்டுவிட்டது என்று.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயல் நம் மாவட்டத்தை ஒட்டிக் கடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. காற்று கூரையைத் தூக்கும்போது அதைக் கீழே பிடித்து வைப்பது கூரையின் சொந்த எடை. நிலநடுக்கத்தில் நமக்கு எதிராக வேலை செய்யும் அதே நிறை, காற்றில் நமக்குத் துணை. இல்லாத நிறையை மாடலில் இருப்பதாகக் காட்டினால், காற்றுக் கணக்கில் இல்லாத துணையை நம்புகிறோம். அதனால்தான் தூக்கு விசை பார்க்கும்போது நிலைப்பாரத்தில் 0.9 பங்கு மட்டும் எடுக்கச் சொல்கிறார்கள். நிறைக்குப் பாதுகாப்பான பக்கம் என்று ஒன்று கிடையாது. உள்ளது உள்ளபடி இருக்க வேண்டும்.

மொட்டைமாடியைப் பற்றியும் ஒன்று. எங்கள் பக்கத்தில் மட்டுப்பா என்போம். இங்கே மழை அதிகம் என்பதால் பழைய வீடு, புது வீடு எல்லாவற்றிலும் மட்டுப்பாவுக்கு மேல் இரும்புக் குழாய் நட்டு ஷீட் போடுகிறார்கள். ஷீட்டின் நிறை மிகக் குறைவு. ஆனால் மழை படாத இடம் கிடைத்ததும் அங்கே ரப்பர் ஷீட் உலர்த்துவார்கள், தேங்காய் போடுவார்கள், மீந்த டைல்ஸும் செங்கலும் அடுக்குவார்கள். அப்போது அது மாடி இல்லை, இன்னொரு தளம். ‘மாடியின் நகரும் பாரத்தைச் சேர்க்க வேண்டாம்’ என்ற விதியை அங்கே கண்ணை மூடிக்கொண்டு பயன்படுத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. வீட்டுக்காரரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்: மேலே ஷீட் போடுவீர்களா, போட்டால் அங்கே என்ன வைப்பீர்கள்?

90 சதவீதம் வந்துவிட்டது என்ற நிம்மதி

ஆட்டக் கணக்கில், எடுத்துக்கொண்ட ஆட்ட வடிவங்கள், அதாவது கட்டிடம் ஆடக்கூடிய வெவ்வேறு விதங்கள், சேர்ந்து மொத்த நிறையில் 90 சதவீதத்தையாவது பங்கெடுக்க வைக்க வேண்டும் என்று ஐ.எஸ். 1893 கேட்கிறது. அட்டவணையில் 90-ஐத் தாண்டியதும் பலர் மூடிவைத்து விடுகிறார்கள். அது மென்பொருளுக்குத் தெரிந்த நிறையில் 90 சதவீதம். 85 டன் என்று நினைத்துக்கொண்டிருக்கும் மாடலும் அதில் 90-ஐ அழகாகக் காட்டும்.

திரும்பவும் மாத்தூர்

தண்ணீரை எப்படிச் சேர்ப்பது? தொட்டியின் அடித்தளத்தில் பாரமாகக் கொடுத்து, அந்தப் பாரத்தை நிறையிலும் எடுக்கலாம். எடைக்கு அது சரி. பாலம் குறுக்கே, அதாவது ஆறு ஓடும் திசையில் ஆடும்போது தொட்டியின் பக்கச்சுவர்கள் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். மேற்பரப்பில் தளும்பும் பகுதி தனியாக ஆடும். அதைப் பிரித்துக் கணக்கிடும் முறைகள் இருக்கின்றன. தொடக்கத்துக்கு முழுத் தண்ணீரையும் குறுக்கு நிறையாக எடுத்துக்கொண்டால் போதும்.

நீளவாக்கில் கதை வேறு. தொட்டி இரண்டு முனையிலும் திறந்த வாய்க்கால். பாலம் அந்தத் திசையில் அசைந்தால் தண்ணீரைத் தள்ள அங்கே சுவர் இல்லை. தொட்டி நழுவும், தண்ணீர் ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கும். அந்தத் திசையில் அதன் நிறையைச் சேர்த்தால் இல்லாத ஒன்றைச் சேர்த்ததாகும். எடை எப்போதும் கீழ்நோக்கி ஒரே திசை. நிறையை மென்பொருள் எக்ஸ், ஒய், இசட் என்று தனித்தனியாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே மீட்டருக்கு 4 டன்னைக் குறுக்குத் திசையில் மட்டும் கூடுதல் நிறையாகக் கொடுத்து, கீழ்நோக்கிய பாரமாகத் தனியாகக் கொடுக்க வேண்டும். அந்தப் பாரத்தை மாஸ் சோர்ஸில் சேர்க்கக் கூடாது, சேர்த்தால் நீளவாக்கிலும் போய்விடும். தண்ணீர் விடாத மாதங்களில் தொட்டி காலியாகக் கிடக்கும். அதற்கு இன்னொரு மாடல், தண்ணீர் இல்லாமல். இரண்டுக்கும் தனித்தனித் தாள்.